கர்ப்பப்பை பிறவியிலேயே வேறு வடிவில் இருந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் கழித்து எடுக்கும் ஸ்கேனிலோ, கரு இரண்டாவது தடவை கலைந்தபின் எடுக்கும் எக்ஸ்ரேயிலோதான் பல பெண்களுக்கு இந்த விஷயமே தெரியவருகிறது. அதுவரை மாதவிடாய் ஒழுங்காக வந்திருக்கும், எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கும். டாக்டரிடம் நின்று விளக்கம் கேட்கலாம் என்றால் பின்னால் வரிசை காத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும், "அப்போ குழந்தை தங்காதா?" என்று முதல் கேள்வி வரும். அங்கிருந்து கிளம்பும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் "பைகார்னுவேட் யூட்டரஸ்" என்று போட்டிருக்கிறது. இது நோயா?

நோய் இல்லை. பிறப்பிலேயே அமைந்த வடிவ மாற்றம்.

பெண் சிசு தாயின் வயிற்றில் வளரும்போது, கர்ப்பப்பை முதலில் இடது வலது என இரண்டு குழாய்களாகத்தான் தொடங்குகிறது. இவற்றை முல்லேரியன் குழாய்கள் என்பார்கள். இரண்டும் கீழ்ப்பக்கம் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் நடுவே ஒரு சுவர் இருக்கும். அது மெல்லக் கரைந்து ஒரே அறையாகும். ஐந்தாம் மாதத்துக்குள் இந்த வேலை அநேகமாக முடிந்துவிடும். ஒரு குழாய் வளராமல் நின்றுபோனாலோ, இரண்டும் சரியாக ஒட்டாவிட்டாலோ, நடுச்சுவர் கரையாமல் தங்கிவிட்டாலோ வடிவம் மாறுகிறது.

இது அரிதும் இல்லை. 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுவான பெண்களில் 5.5 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வடிவ மாற்றம் இருப்பது தெரிந்தது. கரு கலைந்த அனுபவம் உள்ளவர்களில் இது 13 சதவீதத்தைத் தாண்டியது. முதல் எண்ணிக்கையில் பெரும் பங்கு "ஆர்குவேட்" எனப்படும் லேசான வளைவுதான். அதை இன்று பெரும்பாலான மருத்துவர்கள் இயல்பான வடிவமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் ஆர்குவேட் என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

மொத்தம் எத்தனை வகை இருக்கிறது?

அடிக்கடி கேள்விப்படுவது நான்குதான். நடுச்சுவர் கரையாமல் நின்றிருந்தால் செப்டேட். வெளியிலிருந்து பார்த்தால் கர்ப்பப்பை ஒன்றாகத்தான் தெரியும், உள்ளே தடுப்பு இருக்கும். மேற்பகுதி ஒட்டாமல் பிரிந்து, வெளியிலிருந்து பார்த்தாலே இதயம் வரைந்தது போல நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் பைகார்னுவேட், அதாவது இரட்டைக் கொம்பு. இரண்டு குழாய்களும் ஒட்டவே இல்லையென்றால் இரண்டு கர்ப்பப்பை, இரண்டு கர்ப்பப்பை வாய், இது டைடெல்ஃபிஸ். ஒரு பக்கம் மட்டுமே வளர்ந்திருந்தால் யூனிகார்னுவேட், ஒற்றைக் கொம்பு. இவை போக, கர்ப்பப்பையே உருவாகாத நிலையும் உண்டு. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

"டி வடிவக் கர்ப்பப்பை" என்று எழுதியிருந்தால் மட்டும் ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் கர்ப்பப்பையைப் பாதிக்கும் காசநோயாலும் உள்ளறை சுருங்கி இதே வடிவம் வரும். அது பிறவிக் குறை இல்லை, வைத்தியமும் வேறு.

என் அம்மா கர்ப்பமாக இருந்தபோது ஏதாவது தப்பு செய்ததால் வந்ததா? கிரகணத்தன்று வெளியே வந்தார்களாம்.

இல்லை. கிரகணமும் பப்பாளியும் மாடிப்படியும் இதற்குக் காரணம் இல்லை. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இன்னதென்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலையாக இருக்கலாம். சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இருப்பதும் உண்டு. மருந்தால் வந்ததற்கு உறுதியான உதாரணம் டிஇஎஸ் எனப்படும் ஒரு செயற்கை ஹார்மோன். 1940களிலிருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். வயிற்றிலிருந்த பெண் குழந்தைகளின் கர்ப்பப்பை வடிவத்தை அது மாற்றியது. 1971இல் அமெரிக்காவில் அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தார்கள்; ஐரோப்பாவில் இன்னும் சில வருடம் கழித்துத்தான் நின்றது.

ரிப்போர்ட் வந்த அன்றே பெண் வீட்டாரிடம் "முன்னாடியே தெரிஞ்சும் மறைச்சுட்டீங்க" என்று சண்டைக்குப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஸ்கேன் எடுக்கும்வரை அந்தப் பெண்ணுக்கே தெரிய வழியில்லை. மறைப்பதற்கு அங்கே எதுவுமே இருந்ததில்லை.

என் மகளுக்கு 15 வயது முடிந்துவிட்டது, இன்னும் வயசுக்கு வரவில்லை. மாதாமாதம் அடிவயிறு வலிக்கிறது என்கிறாள்.

இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 15 வயது முடிந்தும் மாதவிடாய் வரவில்லையென்றால், அல்லது மார்பக வளர்ச்சி தொடங்கி மூன்று வருடம் ஆகியும் வரவில்லையென்றால், "சில பேருக்கு லேட்டாதான் வரும்" என்று காத்திருக்கக் கூடாது.

அதோடு மாதாமாதம் வலியும் இருந்தால், மாதவிடாய் வந்துகொண்டிருக்கிறது, ரத்தம் வெளியே வரத்தான் வழியில்லை என்று சந்தேகிக்க வேண்டும். கன்னிச்சவ்வில் துவாரமே இல்லாமலோ, பிறப்புறுப்பின் குறுக்கே தடுப்பு இருந்தோ ரத்தம் உள்ளேயே தேங்கும். நாளாக நாளாக அடிவயிற்றில் கட்டி போலத் தட்டுப்படும், சிலருக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளும். வயிற்றுவலி என்று அப்பெண்டிக்ஸ் வரை யோசித்து, இதைக் கடைசியில் கண்டுபிடிப்பது நடக்கிற ஒன்றுதான். ஒரு சாதாரண வயிற்று ஸ்கேனிலேயே தேங்கிய ரத்தம் தெரிந்துவிடும். கன்னிச்சவ்வில் அடைப்பு என்றால் சின்ன அறுவையோடு முடிந்துவிடும்.

இன்னொரு நிலை இதைவிட ஏமாற்றக்கூடியது. மாதவிடாய் ஒழுங்காக வரும், வலி மட்டும் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகும். இரண்டு கர்ப்பப்பை இருந்து, ஒரு பக்கத்து வழி மட்டும் அடைத்திருந்தால் இப்படி ஆகும். ஒரு பக்கத்து ரத்தம் வெளியே வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. இந்தப் பெண்களுக்குப் பெரும்பாலும் அடைப்பு உள்ள பக்கத்தில் சிறுநீரகமும் இருக்காது. அந்தத் தடுப்பை நீக்கி வழிவிட்டால் வலி போய்விடும், பின்னாளில் குழந்தை பெறும் வாய்ப்பும் நன்றாகவே இருக்கும். தாமதித்தால் ரத்தம் பின்னோக்கிப் போய், கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் வரலாம். வயசுக்கு வந்த பெண்ணின் தாங்க முடியாத வலியைச் "சகஜம்" என்று மாத்திரையில் அடக்கிவிடாதீர்கள். ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

ஒரு சென்டரில் செப்டேட் என்கிறார்கள், இன்னொரு சென்டரில் பைகார்னுவேட் என்கிறார்கள். எது சரி?

இந்தப் பக்கத்தில் நான் மிக முக்கியமாக நினைக்கும் கேள்வி இது. ஏனென்றால் செப்டேட் என்றால் உள்ளே இருக்கும் சுவரை வெட்டலாமா என்று யோசிக்கலாம். பைகார்னுவேட்டில் வெட்ட அங்கே சுவரே இல்லை. அதைச் சுவர் என்று நினைத்து உள்ளிருந்து வெட்டினால் கர்ப்பப்பையில் ஓட்டை விழும்.

குழப்பம் வருவது எடுக்கும் பரிசோதனையால்தான். எச்எஸ்ஜி எக்ஸ்ரேயில் கர்ப்பப்பைக்குள் சாயத்தைச் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். படத்தில் தெரிவது சாயம் நிரம்பிய உள்ளறை மட்டும். இரண்டு நிலைகளிலும் அது ஆங்கில "வி" எழுத்து போலத்தான் விழும். வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா என்பது அதில் வரவே வராது. சாதாரண ஸ்கேனிலும் இரண்டு பக்கத்து உள்சவ்வும் தனித்தனியாகத் தெரியும், வெளிக்கோடு தெளிவாகத் தெரிவது கஷ்டம். ரிப்போர்ட்டில் "செப்டேட் அல்லது பைகார்னுவேட்" என்று இரண்டையும் எழுதி விட்டுவிடுவது இதனால்தான். அப்படி எழுதுவது நேர்மையான ரிப்போர்ட். அதை வைத்து நேரே ஆபரேஷன் தேதி குறிப்பதுதான் தவறு.

வெளிக்கோட்டையும் உள்ளறையையும் ஒன்றாகக் காட்டுவது 3டி ஸ்கேன். கர்ப்பிணிகளுக்குக் குழந்தையின் முகம் காட்டும் அதே தொழில்நுட்பம்தான், ஆனால் கருவியைப் பிறப்புறுப்பு வழியாக வைத்து எடுக்க வேண்டும். அதை எடுக்க வசதியில்லை என்றாலோ, படம் தெளிவில்லை என்றாலோ எம்ஆர்ஐ எடுக்கலாம். திருமணமாகாத பெண்களுக்கும் எம்ஆர்ஐதான் வசதி. முன்பெல்லாம் வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி, பிறப்புறுப்பு வழியாகக் கேமரா செலுத்திப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி இரண்டையும் சேர்த்துச் செய்து வெளியேயும் உள்ளேயும் நேரில் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். இப்போது கண்டுபிடிப்பதற்காக மட்டும் அது அநேகமாகத் தேவைப்படுவதில்லை.

நாள் கணக்கும் முக்கியம். எச்எஸ்ஜி மாதவிடாய் நின்றபின், முட்டை வெடிப்பதற்கு முன் எடுப்பது. 3டி ஸ்கேனுக்கு மாதத்தின் பின்பாதி நல்லது, அப்போதுதான் உள்சவ்வு தடித்து அறையின் வடிவம் பளிச்சென்று தெரியும்.

படத்தில் அவர்கள் அளப்பது இதுதான்: இரண்டு கருக்குழாய்களும் கர்ப்பப்பையோடு சேரும் இடங்களை ஒரு கோடு போட்டு இணைப்பார்கள். வெளிப்பக்கத்தின் பள்ளம் 1 செ.மீ.க்கு மேல் இருந்தால் பைகார்னுவேட் பக்கம் சாயும். வெளிப்பக்கம் சரியாக இருந்து, உள்ளே 1 செ.மீ.க்கு மேல் தடுப்பு இறங்கி, அதன் முனைக்கோணம் 90 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் செப்டேட். இது அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2021 அளவுகோல். ஐரோப்பியச் சங்கங்கள் 2013இல் வெளியிட்ட பகுப்பில் கர்ப்பப்பைச் சுவரின் தடிமனோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். அதன்படி பார்த்தால் இன்னும் நிறையப் பேர் செப்டேட் கணக்கில் வந்துவிடுவார்கள். ஒரே பெண் ஓர் அளவுகோலில் இயல்பு, இன்னொன்றில் குறை! அதனால் வெறும் பெயரோடு விடாமல், "உள்ளே எத்தனை மில்லிமீட்டர், வெளியே எத்தனை?" என்று கேளுங்கள். அளவு எழுதாத ரிப்போர்ட்டை நம்பி ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கர்ப்பப்பைக்கு வந்த என்னைக் கிட்னி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். பணம் பிடுங்கவா?

இல்லை, அவசியமான ஸ்கேன்தான். சிறுநீரகமும் கர்ப்பப்பையும் கருவில் பக்கத்துப் பக்கத்தில், ஒரே காலத்தில் உருவாகின்றன. ஒற்றைக் கொம்பு உள்ளவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்திலும் ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் இல்லாமலே இருக்கும். ஒரு கிட்னியோடு நன்றாக வாழலாம், ஆனால் கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தத்தைக் கவனிக்கவும், வயிற்றில் அறுவை செய்யும்போது எச்சரிக்கையாக இருக்கவும் அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இதனால் கரு தரிப்பதே கஷ்டமா?

பெரும்பாலும் இல்லை. சினைப்பை தனியாக உருவாவதால் முட்டை ஒழுங்காகவே வரும். கரு தங்குவதிலும், மாதம் நிறைவதிலும்தான் சிக்கல் கூடுதல். ஒரு வருடத்துக்கு மேல் முயன்றும் கர்ப்பம் தரிக்கவில்லையென்றால் கணவரின் விந்துப் பரிசோதனை, கருக்குழாய், முட்டை வளர்ச்சி எல்லாவற்றையும் வழக்கம்போலப் பார்க்க வேண்டும். கர்ப்பப்பை வடிவத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கணவரின் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது அடிக்கடி நடக்கிறது.

இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. ஸ்கேனில் தடுப்புச் சுவர் இருக்கிறது. அதனால்தான் கலைந்ததா?

இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லா வகைகளிலும் கருச்சிதைவோடு அதிகத் தொடர்பு காணப்படுவது செப்டேட்டில்தான். சுவரில் ரத்த ஓட்டம் குறைவு, அதில் ஒட்டும் கரு வாடிவிடும் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். பின்னால் சுவரின் திசுவை எடுத்துப் பார்த்தபோது அதிலும் தசையும் ரத்தநாளங்களும் இருந்தன. ஆக அந்த விளக்கம் அவ்வளவு எளிதாக நிற்கவில்லை.

தடுப்புச் சுவரோடு பிரச்சினையே இல்லாமல் இரண்டு மூன்று குழந்தை பெற்ற பெண்களும் இருக்கிறார்கள். அதனால் சுவரைப் பார்த்ததும் மற்றப் பரிசோதனைகளை நிறுத்திவிடக் கூடாது. தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனை ஆகியவற்றைக் கட்டாயம் பாருங்கள்; தேவைப்பட்டால் தம்பதி இருவரின் குரோமோசோமையும் பார்க்க வேண்டும். ஆன்டிபாஸ்போலிப்பிட் இருப்பது தெரிந்தால் அதற்கு மருந்து உண்டு. சுவரோடு நிறுத்திவிட்டால் அது தவறிப்போகும்.

சுவரை வெட்டிவிட்டால் அடுத்த கர்ப்பம் தங்கிவிடும் அல்லவா?

"ஆமாம்" என்று அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

பல வருடங்களாக இந்த அறுவையை உலகம் முழுக்கச் செய்துவருகிறார்கள். ஆதாரமாகக் காட்டப்பட்டவை பெரும்பாலும் "ஆபரேஷனுக்கு முன் எத்தனை கலைந்தது, பின் எத்தனை பிறந்தது" என்ற கணக்குகள். இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு கரு கலைந்த பெண்களை எடுத்துக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் விட்டாலும், அவர்களில் கணிசமானவர்களுக்கு அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும். ஆபரேஷன் செய்திருந்தால் அந்தப் பெயரும் ஆபரேஷனுக்கே போய்விடும்.

இதைத் தீர்க்கத்தான் டிரஸ்ட் என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது. நெதர்லாந்தை மையமாகக் கொண்டு சில நாடுகளில், 2010 முதல் 2018 வரை, தடுப்புச் சுவர் உள்ள 80 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை, இன்னொரு பிரிவுக்கு வெறும் காத்திருப்பு. 2021இல் முடிவு வெளியானது: அறுவை செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கும், செய்யாதவர்களில் 35 சதவீதம் பேருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது. அதாவது வெட்டியதால் கூடுதல் பலன் தெரியவில்லை.

எண்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். எட்டு வருடத்தில் அவ்வளவு பேரைத்தான் சேர்க்க முடிந்தது. பலன் அறவே இல்லை என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது என்று அறுவைக்கு ஆதரவானவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இன்றைக்கும் மருத்துவர்கள் இரண்டு பக்கமாகத்தான் நிற்கிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால்: இன்னும் ஒரு கர்ப்பம்கூடத் தரிக்காத பெண்ணுக்கு, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் சுவர் தெரிந்தது என்பதற்காக மட்டும் வெட்டுவது அவசரம். திரும்பத் திரும்பக் கலைந்து, வேறு காரணம் கிடைக்காமல், 3டி ஸ்கேனில் சுவர் உறுதியான பெண், இந்த இழுபறியையெல்லாம் தெரிந்துகொண்டு "செய்துவிடலாம்" என்று தானே முடிவெடுத்தால் அது நியாயமான முடிவு. "வேண்டாம், இன்னொரு தடவை முயற்சி செய்கிறேன்" என்றாலும் அதுவும் நியாயமான முடிவுதான். டாக்டர் இந்த இரண்டு வழியையும் உங்கள் முன் வைக்க வேண்டும்.

ஆபரேஷன் எப்படிச் செய்வார்கள்? வயிற்றைக் கிழிப்பார்களா?

கிழிக்க மாட்டார்கள். மாதவிடாய் முடிந்த சில நாட்களில், மயக்க மருந்து கொடுத்து, கேமரா வைத்த மெல்லிய குழாயைப் பிறப்புறுப்பு வழியாகவே உள்ளே செலுத்துவார்கள். திரையில் கர்ப்பப்பையின் உள்ளறை தெரியும். நடுவே வெளுத்த ஒரு தடுப்பு, அதன் இரண்டு பக்கமும் இருட்டான இரண்டு வழி. சின்னக் கத்தரியாலோ மின்கம்பியாலோ சுவரை நடுவாக, கீழிருந்து மேலாக வெட்டிக்கொண்டே போவார்கள். எதையும் வெட்டி எடுப்பதில்லை. வெட்டிய இரண்டு ஓரமும் தானாகச் சுருங்கிவிடும். கருக்குழாய்களின் இரண்டு வாயும் ஒரே பார்வையில் தெரியும்போதும், தசையிலிருந்து ரத்தம் கசியத் தொடங்கும்போதும் நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் போனால் ஓட்டை விழும் ஆபத்து. பக்கத்தில் ஒருவர் ஸ்கேனிலோ லேப்ராஸ்கோப்பியிலோ பார்த்துக்கொண்டிருந்தால் பாதுகாப்பு கூடும்.

பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்குப் போகலாம். உள்ளே ஒட்டல் வராமல் இருக்கச் சிலர் ஹார்மோன் மாத்திரை தருவார்கள். ஓரிரு மாதத்தில் மறுபடி உள்ளறையைப் பார்த்துவிட்டுக் கர்ப்பத்துக்கு முயலலாம். இந்த அறுவைக்காக மட்டும் பின்னால் சிசேரியன் தேவையில்லை. ஆனால் பிரசவத்தின்போது கர்ப்பப்பை விரிசல் விட்ட ஓரிரு சம்பவங்கள் பதிவாகியிருப்பதால், முன்பு இப்படி ஓர் அறுவை நடந்ததைப் பிரசவம் பார்ப்பவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எனக்கு இரட்டைக் கொம்பு. இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட முடியாதா?

முடியும், ஸ்ட்ராஸ்மன் அறுவை என்று பழைய முறை ஒன்று இருக்கிறது. வயிற்றைத் திறந்து இரண்டு கொம்பையும் கிழித்து ஒன்றாகத் தைப்பது. இப்போது மிக அபூர்வமாகத்தான் செய்கிறார்கள். காரணம், ஒன்றும் செய்யாமலேயே பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை பிறக்கிறது. தைத்த தழும்போ அடுத்த பிரசவத்தில் ஆபத்து. இரட்டைக் கர்ப்பப்பைக்கும் இதே பதில்தான்.

ஒற்றைக் கொம்பு என்றால் ஆபத்து அதிகமா?

கவனம் அதிகம் தேவை. ஒற்றைக் கொம்புள்ள பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கணக்கில், கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதி உயிருள்ள குழந்தையில் முடிந்தன. ஐந்தில் ஒன்று குறைப்பிரசவம்.

இதில் அவசியம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. பலருக்கு வளராத மறுபக்கம் ஒரு சின்னக் கொம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் மாதவிடாய்ச் சவ்வும் இருந்து, பெரிய அறையோடு வழியும் இல்லாமல் இருந்தால், வலி வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தச் சின்னக் கொம்புக்குள் கரு தங்கிவிடுவது. அதால் விரிய முடியாது. பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் மாதத்தில் வெடித்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாமல் பெண் மயங்கி விழலாம். அதனால் சவ்வு உள்ள சின்னக் கொம்பைக் கர்ப்பத்துக்கு முன்பே லேப்ராஸ்கோப்பியில் அகற்றச் சொல்கிறார்கள். இந்த ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் ஆறு, ஏழு வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துக் கரு எந்த இடத்தில் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுவது எவருக்குமே தவறு. வடிவ மாற்றம் உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து: கரு சின்னக் கொம்பில் இருந்தால் மாத்திரையால் வெளியேறவும் முடியாது, கர்ப்பப்பை இறுகி வெடிக்கவும் கூடும்.

இப்போது மூன்றாவது மாதம். இனி என்ன கவனிக்க வேண்டும்? படுத்தே இருக்க வேண்டுமா?

படுத்தே இருக்க வேண்டாம். கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி மாதக்கணக்கில் படுக்க வைப்பதால் குறைப்பிரசவம் தடுக்கப்படும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. காலில் ரத்தம் உறைவது, தசை தளர்வது, மனம் சோர்வது எல்லாம்தான் மிச்சம். டாக்டர் குறிப்பாக எதையாவது தவிர்க்கச் சொன்னால் அதை மட்டும் தவிருங்கள்.

நிஜமாகப் பயன்படுவது கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளப்பது. 16ஆவது வாரத்திலிருந்து 24 வாரம்வரை, டாக்டர் சொல்லும் இடைவெளியில், உள்வழி ஸ்கேனில் அளப்பார்கள். 25 மி.மீ.க்குக் குறைந்தால் புரோஜெஸ்டிரான் மாத்திரை உள்ளே வைக்கலாம். முன்பு நடு மாதங்களில் கரு போயிருந்தால் கர்ப்பப்பை வாயில் தையல் போடலாம். வடிவம் வேறு என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் தையல் போடத் தேவையில்லை. தையலுக்கென்று தொற்று, பனிக்குடம் உடைதல் போன்ற தொல்லைகள் உண்டு.

ஏழாம் மாதத்திலிருந்து குழந்தையின் எடை ஏறுகிறதா என்று ஸ்கேனில் தொடர்ந்து பாருங்கள். இடம் குறைவாக இருக்கும்போது வளர்ச்சி மந்தமாகலாம். விட்டு விட்டு வயிறு இறுகுவது, தண்ணீர் போல ஒழுகுவது, ரத்தக்கசிவு, குழந்தையின் அசைவு குறைவது இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. குறைமாதத்தில் வலி வந்தால், பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைத் தயார் செய்யும். அதற்கு ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்.

அதனால் பிரசவம் எங்கே என்பதை ஆறாம் மாதத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடமாக இருக்கட்டும். அரசு மருத்துவமனை என்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும், அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தைச் சிகிச்சைக்கான சீமாங் மையங்களும் இதற்கு ஏற்றவை. வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் வழக்கம் இருக்கிறதே, தாய்வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஓர் இடம் இல்லையென்றால் இந்த ஒரு தடவை அம்மா உங்கள் வீட்டுக்கு வரட்டும்.

சுகப்பிரசவம் ஆகுமா?

ஆகும். குழந்தை தலை கீழாக இருந்து, மற்றதெல்லாம் சரியாக இருந்தால் தடை இல்லை. ஆனால் இடம் குறுகலாக இருப்பதால் குழந்தை திரும்ப முடியாமல் தலை மேலே இருப்பது இவர்களிடம் சாதாரணத்தைவிட அதிகம். அதனால்தான் சிசேரியனும் அதிகம். வெளியிலிருந்து கையால் குழந்தையைத் திருப்பும் முறையை இவர்களுக்குப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். நஞ்சுக்கொடி முழுதாக வராமல் தங்குவதும், பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கும் சற்றுக் கூடுதல், ரத்தம் தயாராக வைத்திருப்பது நல்லது.

இரண்டு கர்ப்பப்பையிலும் ஒரே நேரத்தில் குழந்தை தங்குமா?

மிக மிக அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. 2019இல் வங்கதேசத்தின் ஜெசோர் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குப் பிப்ரவரி கடைசியில் குறைமாதத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. 26 நாட்கள் கழித்து மறுபடி வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தால் இன்னொரு கர்ப்பப்பையில் இரட்டைக் குழந்தைகள்! சிசேரியனில் இரண்டும் நலமாகப் பிறந்தன. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு பெண், கர்ப்பப்பைக்கு ஒன்றாக இரண்டு பெண் குழந்தைகளை அடுத்தடுத்த நாட்களில் பெற்றெடுத்தார். அவருக்கு இரட்டைக் கர்ப்பப்பை என்பது முன்பே தெரிந்திருந்ததால் தொடக்கத்திலிருந்தே கண்காணித்தார்கள். ஜெசோர் பெண் முதல் பிரசவத்துக்கு முன் ஸ்கேனே எடுத்திருக்கவில்லை.

கர்ப்பப்பையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு வழி இருக்கிறதா?

சுமார் 5,000 பெண்களில் ஒருவருக்கு இப்படி அமையும். எம்ஆர்கேஎச் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மார்பக வளர்ச்சி, குரோமோசோம், சினைப்பை எல்லாம் வழக்கம்போலவே இருக்கும், மாதவிடாய் வராது. தாம்பத்தியத்துக்கு வழி குறுகலாக இருந்தால் டைலேட்டர் எனப்படும் சிறு சாதனத்தால் படிப்படியாக விரிவாக்குவதுதான் முதல் வைத்தியம், பலருக்கு அறுவை தேவைப்படுவதில்லை. அவசரப்படுத்தாமல், பெண் தானே தயார் என்று சொல்லும்போது தொடங்க வேண்டும். 16, 17 வயதில் இதைக் கேட்கும் பெண்ணுக்கு மனநல ஆலோசகர் கட்டாயம் தேவை. உறவினர் எல்லோருக்கும் செய்தி போக வேண்டிய அவசியம் இல்லை.

சொந்த முட்டை இருப்பதால் வாடகைத்தாய் மூலம் தன் குழந்தையையே பெறலாம். இந்தியாவில் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பணத்துக்காக வாடகைத்தாய் அமர்த்துவது குற்றம். மருத்துவச் செலவும் காப்பீடும் மட்டும் கொடுக்கலாம். மனைவிக்கு 23 முதல் 50, கணவருக்கு 26 முதல் 55 என வயது வரம்பு உண்டு. முட்டையும் கிடைக்காத நிலை என்றால், தானமாகப் பெற்ற முட்டையைப் பயன்படுத்த 2023இல் இதே குறைபாடுள்ள ஒரு பெண்ணுக்கு உச்ச நீதிமன்றம் வழிவிட்டது; 2024 பிப்ரவரியில் அதைத் தடுத்த விதியே திருத்தப்பட்டது.

கர்ப்பப்பை மாற்று அறுவையும் இப்போது உண்மையாகிவிட்டது. 2014இல் ஸ்வீடனில் மாட்ஸ் பிரேன்ஸ்ட்ராம் குழு மாற்றிப் பொருத்திய கர்ப்பப்பையில் முதல் குழந்தை பிறந்தது. புனேயில் 2017இல் செய்த அறுவையைத் தொடர்ந்து 2018 அக்டோபரில் இந்தியாவில் முதல் குழந்தை பிறந்தது, அம்மாவே தன் மகளுக்குத் தானம் கொடுத்திருந்தார். பெரிய அறுவை, செலவும் பெரிது, உடல் ஏற்க மறுக்காமல் இருக்க மருந்தும் சாப்பிட வேண்டும். குழந்தை பெற்றபின் அந்தக் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது வழக்கம்.

காப்பர் டி போட்டுக்கொள்ளலாமா?

இரட்டைக் கர்ப்பப்பை, செப்டேட், பைகார்னுவேட் இருந்தால் வேண்டாம். ஒரு பக்கம் போட்டால் இன்னொரு பக்கம் திறந்தே இருக்கும். மாத்திரை, ஊசி, ஆணுறை எல்லாம் வழக்கம்போலப் பயன்படுத்தலாம்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்னென்ன கொண்டு போவது?

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, எக்ஸ்ரே ஃபிலிம், எம்ஆர்ஐ சிடி, 3டி படங்கள் எல்லாம் வேண்டும். டாக்டர் படத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கர்ப்பமும் எத்தனையாவது வாரத்தில் முடிந்தது, இதயத்துடிப்பு வந்த பிறகா முன்பா, வலி முதலில் வந்ததா தண்ணீர் முதலில் உடைந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எட்டாவது வாரத்தில் போனதும் ஐந்தாம் மாதத்தில் போனதும் வேறு வேறு காரணத்தைக் காட்டும். கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்திருந்தால் தேதியோடு குறியுங்கள், அதனாலும் உள்ளே ஒட்டல் வந்திருக்கலாம். கிட்னி ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தனியாக மேலே வையுங்கள். கணவரும் கூட வரட்டும், விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு.